கார்டு ஸ்டேட்மென்ட்டில் தெரியாத பெயரா? தொகையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருநெல்வேலியிலிருந்து அத்தை போன் செய்தார். "ஏலே, ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ்னு எவனோ என் கார்டுல 647 ரூவா எடுத்துருக்கான். ராத்திரி பூரா தூக்கமே இல்ல."

"சனிக்கிழமை பேரன் வந்திருந்தானா அத்தை?"

"வந்தான்."

"பீட்சா வாங்கினானா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. டோமினோஸ் பீட்சா கடைகளை இந்தியாவில் நடத்தும் நிறுவனத்தின் பெயர்தான் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ். அத்தை பயந்ததில் தப்பே இல்லை. ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்தப் பயம் வரும், அப்படிப் பார்ப்பது நல்ல பழக்கம். தெரியாத வரி ஒன்று கண்ணில் பட்டால் எந்த வரிசையில் விசாரிப்பது என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

விசாரிக்கும் முன் ஒரு எச்சரிக்கை

ஒரே நாளில் தெரியாத வரிகள் நான்கைந்து இருந்தாலோ, நீங்கள் போகாத வெளிநாட்டின் பெயர் இருந்தாலோ, இரண்டு மூன்று ரூபாய் போன பிறகு பெரிய தொகை போயிருந்தாலோ ஆராய்ச்சி வேண்டாம். திருட்டுக் கார்டு எண் வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் சின்னத் தொகையை எடுத்துப் பார்ப்பார்கள். நேராகக் கடைசிப் படிக்குப் போய் கார்டைப் பிளாக் செய்யுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: அந்த வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

தேதி, தொகை, பெயர், பெயருக்குப் பின்னால் வரும் ஊர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் பாதியில் நின்றுபோயிருந்தால் பதற வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு வழியாக வங்கிக்குப் போகும் பணத் தகவலில் கடையின் பெயருக்கு 22 முதல் 25 எழுத்து வரைதான் இடம், ஊருக்கு 13 எழுத்து. நீளமான பெயர் வெட்டுப்பட்டுத்தான் வரும்.

ஊரையும் அப்படியே நம்பாதீர்கள். மதுரையில் உட்கார்ந்து ஆப்பில் வாங்கிய பொருளுக்கு பெங்களூரு என்றோ குருகிராம் என்றோ வரலாம். அது அந்த நிறுவனம் பதிவு செய்த ஊர்.

படி 2: பெயரை விடுங்கள், தொகையைத் தேடுங்கள்

பெரும்பாலோர் பெயரை கூகுளில் போட்டுத் தேடித்தான் குழம்புகிறார்கள். ஒரு கடைக்கு மூன்று பெயர் இருக்கும், தொகை ஒன்றுதான். அதனால் முதலில் தொகையைப் பிடியுங்கள்.

போனில் எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து அந்த எண்ணைத் தேடுங்கள். 1,249 என்று கமாவோடு ஒரு முறை, 1249 என்று கமா இல்லாமல் ஒரு முறை. வங்கியின் செய்தி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஸ்டேட்மென்ட்டில் தேதி மட்டும்தான் இருக்கும், எஸ்எம்எஸ் வந்த நேரமோ நிமிடக் கணக்கில் தெரியும். இரவு 8:40 என்று பார்த்ததும் 'அட, அன்றைக்கு மருந்துக் கடையில் நின்றோமே' என்று தானாக நினைவு வரும். அதே எண்ணை இமெயிலிலும் தேடுங்கள். ஆர்டர் ரசீதுகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

ஒரே ஆர்டரில் மூன்று பொருள் வாங்கியிருந்தால், சில தளங்கள் பொருளை அனுப்பும்போது தனித்தனியாகப் பணம் எடுக்கும். மொத்தத் தொகை சிக்கவில்லை என்றால் ஒவ்வொரு பொருளின் விலையையும் போட்டுப் பாருங்கள்.

தொகை பைசாவோடு விசித்திரமாக இருந்தால் அதை 1.18ஆல் வகுத்துப் பாருங்கள். 234.82ஐ வகுத்தால் சரியாக 199 வரும். அதாவது 199 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இப்படி முழு எண் கிடைத்தால் அது பெரும்பாலும் வங்கியே போட்ட கட்டணம்: இஎம்ஐக்கு மாற்றிய செலவு, ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம். கட்டணம் ஒரு வரியாகவும் ஜிஎஸ்டி இன்னொரு வரியாகவும் பிரிந்தும் வரலாம்.

பெட்ரோலுக்கும் இதே கணக்கு. 2,000 ரூபாய்க்குப் போட்டால் ஒரு சதவீத சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) 20, அதற்கு ஜிஎஸ்டி 3.60 சேர்ந்து 2,023.60 ஆகலாம். சர்சார்ஜ் தள்ளுபடி உள்ள கார்டு என்றால் அந்த 20 ரூபாய் பிறகு வரவாகத் திரும்பும்.

வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியதற்கு பல கார்டுகள் 3.5 சதவீதம் கூடுதலாகப் போடும். 1,000 ரூபாய்க்கு 35 ரூபாய், அந்த 35க்கு ஜிஎஸ்டி 6.30. நீங்கள் பார்த்த விலையும் ஸ்டேட்மென்ட்டில் உள்ள விலையும் ஒத்துப்போகாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

படி 3: இப்போது பெயரைப் பிரித்துப் படியுங்கள்

பெயரின் நடுவில் நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். குறிக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் பணத்தை வாங்கிக் கொடுத்த இடைத்தரகர், பின்னால் இருப்பதுதான் கடை. ஆர்-ஏ-இசட் என்றால் ரேசர்பே, பி-ஒய்-யு என்றால் பேயு. பில்டெஸ்க், கேஷ்ஃப்ரீ, சிசிஅவென்யூ ஆகியவையும் இதே வகைதான். இவர்களிடம் நீங்கள் எதையும் வாங்கவில்லை, இவர்கள் வழியாகப் பணம் போயிருக்கிறது.

நட்சத்திரம் இல்லை என்றால், பலகையில் ஒரு பெயரும் பதிவேட்டில் வேறு பெயரும் உள்ள நிறுவனமா என்று யோசியுங்கள். அத்தைக்கு நடந்தது அதுதான். டிமார்ட் கடை அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் என்று வரலாம். வெஸ்ட்சைடு, ஜூடியோ இரண்டும் ட்ரென்ட் நிறுவனத்தின் கடைகள். தனிஷ்க் நகை டைட்டன் கணக்கில் போகும். புக்மைஷோவுக்குப் பின்னால் பிக்ட்ரீ என்டர்டெயின்மென்ட், ஓலாவுக்கு ஏஎன்ஐ டெக்னாலஜிஸ், ராபிடோவுக்கு ரோப்பன், நைகாவுக்கு எஃப்எஸ்என், பேடிஎம்முக்கு ஒன்97 கம்யூனிகேஷன்ஸ். சில பெயர்கள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. சொமேட்டோ நிறுவனம் 2025இல் எடர்னல் ஆனது. ஸ்விக்கி முன்பு பண்டில் டெக்னாலஜிஸ் என்ற பெயரில் இருந்தது.

பெட்ரோல் பங்கில் எண்ணெய் நிறுவனத்தின் பெயரைத் தேடாதீர்கள். பங்கை நடத்தும் டீலரின் பெயர் வரும், பெரும்பாலும் ஏதோ ஒரு சாமி பெயரும் ஏஜென்சீஸும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்து க்யூஆர் கோடில் பணம் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. டீக்கடை, பழக்கடை எல்லாம் கடைக்காரரின் சொந்தப் பெயரில் வரும். முன்பின் தெரியாத ஒருவருக்கு 40 ரூபாய் போனதுபோல் தோன்றும். யுபிஐ ஆப்பின் வரலாற்றில் அதே தொகையைப் பார்த்தால் புரிந்துவிடும்.

சந்தேகப்படும் கடையின் பழைய பில் கையில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால், சட்டப்படியான பெயரும் வணிகப் பெயரும் அடுத்தடுத்து வரும். லாகின் தேவையில்லை, காசும் கிடையாது. ஸ்டேட்மென்ட்டில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 4: வீட்டில் கேளுங்கள்

திட்டுகிற குரலில் கேட்டால் பிள்ளைகள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். கூடுதல் கார்டு வைத்திருப்பவர், ஆப்பில் சேமித்த உங்கள் கார்டைப் பயன்படுத்துகிறவர், போனில் கேம் ஆடும் பிள்ளை என்று ஒவ்வொருவரிடமும் தொகையையும் தேதியையும் சொல்லி சாதாரணமாகக் கேளுங்கள்.

படி 5: மாதாமாதம் போகும் சந்தாக்கள்

ஒரே தொகை ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய ஒரே தேதியில் போகிறதா? அப்படியானால் பெரும்பாலும் சந்தாதான். படம் திருத்தும் ஆப் ஒன்றை ஏழு நாள் இலவசம் என்று நான் போட்டுப் பார்த்து மறந்துவிட்டேன். ஐந்து மாதம் பணம் போன பிறகுதான் கவனித்தேன். ஸ்டேட்மென்ட்டில் ஆப்பின் பெயரே இல்லை, அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் இருந்தது.

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து உங்கள் படத்தைத் தொட்டால் பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஆப்பை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது, இங்கே போய்த்தான் ரத்து செய்ய வேண்டும்.

இந்திய நிறுவனங்களுக்குக் கார்டில் தானாகப் போகும் பணத்துக்கு, 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்ற விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அது புதைந்து கிடக்கும், தேடிப் பாருங்கள்.

படி 6: இன்னும் தெரியவில்லையா? வங்கிக்குச் சொல்லுங்கள்

இங்கே நேரம் முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்தால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு இழப்பு ஏதும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கை முடிவு செய்யும். நாட்கள் எண்ணத் தொடங்குவது தகவல் வந்ததிலிருந்து. எஸ்எம்எஸ் வந்த அன்றே பார்க்காமல் மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டுக்காகக் காத்திருந்தால் அந்த மூன்று நாள் போயே போய்விடும். அதனால் முதல் ஐந்து படிகளுக்கும் சேர்த்து ஒரு நாளுக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

முதலில் வங்கி ஆப்பிலேயே கார்டைப் பிளாக் செய்யுங்கள். அப்புறம் கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணுக்கே கூப்பிடுங்கள். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடவே தேடாதீர்கள். போலி எண்கள் அங்கே காத்திருக்கின்றன, பதறிக்கொண்டு கூப்பிடுகிறவர்தான் அவர்களுக்கு வேண்டும். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று யார் ஓடிபி கேட்டாலும் போனை வையுங்கள்.

"இந்தத் தேதியில் இந்தத் தொகை நான் செய்ததில்லை, டிஸ்பியூட் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லி, புகார் எண்ணை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். அதையே இமெயிலிலும் அனுப்பிவிடுங்கள். மோசடி என்று உறுதியானால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். அதே 2017 விதி, நீங்கள் சொன்ன 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவும், 90 நாட்களுக்குள் புகாரை முடிக்கவும் வங்கியிடம் சொல்கிறது. உங்கள் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்குத்தான். எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாகப் போகலாம்.

விசாரித்துத் தெரிந்துகொண்ட பெயர்களை எங்காவது எழுதி வையுங்கள். அத்தை தினசரி காலண்டரின் பின்அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். முதல் வரி: ஜூபிலன்ட், பீட்சா, பேரன்.