பூ டிசைன் வால்பேப்பரா? லேபிள்ல ரிப்பீட்ட பாருங்க

பூ டிசைன் வால்பேப்பர் வாங்கும்போது விலைய பாக்குறதுக்கு முன்னாடி லேபிள்ல ரிப்பீட் (அதே பூ மறுபடி வர்ற இடைவெளி) எத்தன சென்டிமீட்டர்னு பாருங்க, சின்ன ரிப்பீட்டா எடுத்தா ரோல் மிச்சமாகும். 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள ரோல்ல 8 அடி சுவருக்கு பிளைன்னா 4 துண்டு வரும், அதே 64 சென்டிமீட்டர் ரிப்பீட்னா பக்கத்து துண்டோட பூவும் இலையும் சேரணும்ல, அதனால ஒவ்வொண்ணையும் கூடுதலா வெட்டி 3 துண்டுதான் தேறும், மிச்சம் ரெண்டு மீட்டருக்கு மேல கதவுக்கு மேல இருக்கிற சுவர்ல ஒட்ட வேணா ஆகும். நம்ம சுங்கை சிப்புட்ல ரோல் பத்தலன்னா ஈப்போ வரைக்கும் போகணும், அதே பேட்ச் நம்பர் (ஒரே தடவையில அச்சடிச்ச ரோலுக்கு போடுற நம்பர்) கிடைக்காட்டி கலரும் லேசா மாறிடும். பிளைன், நெடுக்கா கோடு போட்டது இதுக்கெல்லாம் இந்தக் கணக்கு தேவையில்ல. பழைய தோட்டத்து லயம் வீட்டு பலகைச் சுவர், ஈரம் ஏறுற சுவர்னா எந்த டிசைனும் நிக்காது, பெயிண்ட்டே அடிச்சிடுங்க.