கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களே, அமெரிக்க பார்டருக்குப் போகும் முன் கஞ்சா விஷயத்தில் இதைக் கவனியுங்கள்

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொருள். ஒன்டாரியோவில் 19 வயது ஆகியிருந்தால் கடைக்குப் போய் வாங்கலாம், வெளியே 30 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். இதைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்த பிள்ளைகள் இனி எங்கேயும் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவுக்குள் போகும் நயாகரா பாலம் வரைக்கும்தான் அந்த நிம்மதி.

நியூயார்க் மாநிலமும் 2021இல் அனுமதித்துவிட்டதே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் பார்டரில் உங்கள் பாஸ்போர்ட்டை வாங்குகிறவர் அமெரிக்க மத்திய அரசின் அதிகாரி. அவர் பார்ப்பது மத்திய சட்டத்தை, அதில் இது போதைப்பொருள்.

பலருக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. கைது, வழக்கு, தண்டனை எதுவுமே இருந்திருக்க வேண்டாம், போதைப்பொருள் சட்டத்தை மீறினேன் என்று நீங்களே முறைப்படி ஒப்புக்கொண்டாலே அமெரிக்காவுக்குள் நுழையும் தகுதி போய்விடலாம். அதிலும் வெளிநாட்டுச் சட்டத்தை மீறியதும் கணக்கு. 2019இல் டொராண்டோவில் கடையில் வாங்கிப் புகைத்தது கனடாவில் குற்றம் இல்லை. ஆனால் ஊரில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நண்பர்களோடு ஒரே ஒரு தடவை இழுத்தீர்களே, அது இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம்.

என் சித்தி மகன் இதில்தான் மாட்டினான். நியூஜெர்சியில் அவன் அக்கா வீட்டு விசேஷத்துக்குக் காரில் கிளம்பினான். பார்டரில் தனி அறைக்குக் கூட்டிப்போய் போனைத் திறக்கச் சொன்னார்கள், கேலரியில் ஒரு கஞ்சா மிட்டாய் பாக்கெட்டின் படம். "முதல் தடவை எப்போது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார்கள், இவனும் வெள்ளந்தியாக "காலேஜில்" என்று சொல்லிவிட்டான். அதை எழுதி, கையெழுத்து வாங்கி, பத்து விரல் ரேகையும் எடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்சீட்டில் இருந்த சீர்த்தட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. இனிமேல் போக வேண்டுமென்றால் ஐ-192 என்ற படிவத்தில் விலக்கு கேட்க வேண்டும். அது கிடைத்தாலும் அதிகபட்சம் ஐந்து வருடம், பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

அதற்காகப் பொய் சொல்லிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பொய் சொன்னது தெரிந்தால் அது தனிக் குற்றச்சாட்டு, வாழ்நாள் தடை வரைக்கும் போகும். "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை" என்று மரியாதையாகச் சொல்லலாம். அன்றைக்கு உள்ளே விடாமல் போகலாம், ஆனால் ஒரு நாள் பயணம் கெடுவதும் ஆயுளுக்கும் கதவு அடைபடுவதும் ஒன்றா? டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகள் முன்கூட்டியே சோதிக்கும் இடம் கனடா மண்ணில் இருப்பதால், நான் போகவில்லை என்று சொல்லித் திரும்பிவிடலாம், யார், ஏன் என்று மட்டும் கேட்பார்கள். பிஆர் அட்டையில், அதாவது கனடாவின் நிரந்தரக் குடியுரிமை இல்லாத நிரந்தர வதிவிட அனுமதியில், இருக்கும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா படிவத்திலேயே போதைப்பொருள் சட்டத்தை மீறியிருக்கிறீர்களா என்ற கேள்வி வரும், அதை நிரப்பும் முன் ஒரு குடிவரவு வக்கீலைப் பாருங்கள், நண்பர்களின் வாட்ஸ்அப் ஆலோசனையை நம்ப வேண்டாம்.

அப்புறம், பொருளை எந்தப் பக்கமும் கொண்டுபோகக் கூடாது. டாக்டர் சீட்டு இருந்தாலும் சரி, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயாக இருந்தாலும் சரி. காரில் கூட வருகிறவர்களின் பைகளையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

கனடாவுக்குள்ளேயே ஒரு ஆபத்து உண்டு. புகைத்துவிட்டு வண்டி ஓட்டுவது. 2018 டிசம்பர் 18 முதல் அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 10 வருடம், அதனால் குடிவரவுச் சட்டம் அதைக் கடுமையான குற்றம் என்றே எடுத்துக்கொள்கிறது. முதல் தடவையே, வெறும் அபராதத்தோடு முடிந்தாலும், பிஆர் பறிபோகலாம்.

வேலைக்கான பாதுகாப்பு அனுமதி இன்னொரு கதை. நம்மவர்கள் நிறையப் பேர் பியர்சனில் வேலைக்குப் போகிறார்கள், அங்கே பயணிகள் போக முடியாத பாதுகாப்புப் பகுதிக்குள் நுழையும் உள்பகுதி அட்டை கிடைக்க கடந்த ஐந்து வருட விவரத்தையும் போலீஸ் பதிவுகளையும் பார்ப்பார்கள். விமானிகளுக்குப் பணிக்கு முன் 28 நாள் கஞ்சா கூடாது. அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்எஃப்-86 படிவம் கடந்த 7 வருடப் பயன்பாட்டைக் கேட்கும். இங்கெல்லாம் பழைய பழக்கத்தை எவ்வளவு காலத்துக்கு முன், எத்தனை முறை என்று எடைபோடுவார்கள், ஆனால் மறைத்தது தெரிந்தால் நம்பகத்தன்மையே போச்சு. பார்டரில் பதில் சொல்லாமல் திரும்பி வரலாம், இந்தப் படிவங்களில் அப்படி முடியாது, கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.