ஓய்வு பெறும் ஸ்ட்ரைக்கரை மதிப்பிடுவது எப்படி?

வேலூர் நேதாஜி மைதானத்தில் மாலைப் பயிற்சி முடித்து அமர்ந்திருப்பவர்களிடம் இந்தியக் கால்பந்து அணியின் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள வீரர்) சுனில் சேத்ரியின் பேச்சை எடுத்தால், ஒருவர் விடைபெற்றபோது நாட்டுக்காக 94 கோல் அடித்திருந்தார் என்பார். மற்றொருவர், அவற்றில் எத்தனை மாலத்தீவுக்கும் நேபாளத்துக்கும் எதிராக அடித்தவை என்று கேட்பார். இருவரும் சொல்வது உண்மையே; ஆனால் மதிப்பீட்டுக்கு இரண்டுமே போதாது.

கோல்களை ஆட்டங்களின் எண்ணிக்கையோடு சேர்த்தே முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி விடைபெற்றபோது, சேத்ரி 151 ஆட்டங்களில் 94 கோல் அடித்திருந்தார். ஜெர்மனியின் கெர்ட் முல்லர் 62 ஆட்டங்களில் 68 கோல் அடித்தவர். இந்த விகிதத்தை வைத்துச் சேத்ரியைத் தாழ்த்திவிடக் கூடாது. முல்லருக்குப் பந்து கொடுத்தவர்கள் உலகக் கோப்பையை வென்ற அணியினர்.

அதன்பின் கோல்களைப் பிரியுங்கள். பொறுமை வேண்டிய வேலை இதுதான்: எந்த அணிக்கு எதிராக, எந்தப் போட்டியில், ஆட்டம் எந்த நிலையில் இருந்தபோது, பெனால்டியா அல்லவா என்று ஒவ்வொரு கோலுக்கும் குறிப்பு எழுத வேண்டும். 2008 ஏஎப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராகச் சேத்ரி அடித்த ஹாட்ரிக், 1984க்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குப் போகாதிருந்த இந்தியாவை 2011 போட்டிக்குக் கொண்டு சேர்த்தது. நட்பு ஆட்டங்களில் அடித்த பத்துப் பதினைந்து கோல்களைவிட அந்த மூன்றுக்கே நான் அதிக எடை கொடுப்பேன். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என வென்ற ஆட்டத்தில் அவர் அடித்த இரண்டில் ஒன்று பெனால்டி என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அணியின் முடிவோடு கோலைப் பொருத்திப் பார்ப்பதும் பயன் தரும். மிரோஸ்லாவ் குளோசா கோல் அடித்த எந்த ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை.

கிளப் கோப்பைகளைச் சுருக்கமாகக் குறித்தால் போதும். ஆனால் காட்பாடியில் ரயிலேறிப் போய், பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் அவரை நேரில் பார்த்தவர்கள் இருந்தால், பந்து காலில் இல்லாதபோது அவர் எங்கே நின்றார், எப்போது நகர்ந்தார் என்று கேளுங்கள். தொலைக்காட்சி பந்தின் பின்னாலேயே ஓடுவதால் அது பெரும்பாலும் படத்தில் விழுவதில்லை.

நீங்கள் எழுதப்போவது நம் மாவட்ட லீக்கில் இருபது ஆண்டுகள் ஆடிய ஒருவரைப் பற்றி என்றால், புள்ளிவிவரம் கையில் கிடைக்காது. நடுவரின் ஆட்ட அறிக்கை, பழைய நாளிதழ்களின் வேலூர்ப் பதிப்பு, கோப்பையோடு எடுத்த குழுப் படத்தின் பின்புறத் தேதி ஆகியவற்றைத் தேடுங்கள். அவரைத் தடுத்து ஆடிய டிபெண்டர்களை அவசியம் சந்தியுங்கள். கூட ஆடிய நண்பர்களிடம் கிடைப்பது பெரும்பாலும் பாராட்டு மட்டும்தான்.

அவர் விட்டுச் சென்றது என்ன என்பதை விடைபெறும் வாரத்திலேயே எழுதிவிடாதீர்கள்; அவருடைய இடத்தில் யார் வந்தார்கள் என்று தெரிய ஓராண்டாவது ஆகும். 2024 முழுவதும் இந்திய அணி ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. சேத்ரியைத் திரும்ப அழைத்தார்கள். 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என வென்றபோது, நாற்பது வயதில் அவரும் ஒரு கோல் அடித்தார். அந்தக் கோலை அவருடைய திறமைக்குச் சான்றாக எழுதும்போது, அடுத்த ஸ்ட்ரைக்கரை உருவாக்காதவர்களின் பொறுப்பையும் அதே பத்தியில் எழுதுங்கள். 94 என்பதை இறுதி எண்ணாக அச்சிட்டிருந்தவர்கள் 95 என்று திருத்த வேண்டியதாயிற்று.