தீவுப் பயணத்துக்குப் பொருள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையோ மின்சாரமோ இல்லாத தீவுக்குக் கிளம்புகிறவர்கள் மறதியால் சிரமப்படுவது குறைவு. பெரும்பாலும் கணக்குதான் பிசகுகிறது. ஐந்து நாள் தங்கல், ஐந்து நாள் சாப்பாடு என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். திரும்பும் நாளைக் குறிப்பது பயணச்சீட்டுதான். ஆனால் காற்று வலுத்தால் எந்தப் படகும் புறப்படாது. பொருள் வாங்கும் முன்பே படகுக்காரரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "இந்தப் படகு வராவிட்டால் அடுத்தது எப்போது?" வாரத்துக்கு ஒன்று என்று பதில் வந்தால், இன்னொரு வாரத்துக்கும் சேர்த்து வாங்க வேண்டியதுதான். அந்தக் கூடுதல் பங்கு அடுப்பு மூட்டாமலே சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும்.

மிகப் பெரிய பிழை தண்ணீரில்தான் நடக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு ஐந்து நாளைக்கு 80 லிட்டர், அதாவது 80 கிலோ சுமை. இந்த எடையைப் பார்த்து மிரண்டு, "வடிகட்டி வாங்கிக்கொள்ளலாம், சுற்றிலும் தண்ணீர்தானே" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. சாதாரண வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ அதை நீக்காது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி உப்பின் செறிவு கூடத்தான் செய்யும். ஊற்றோ மழைநீரோ நிச்சயமாகக் கிடைக்கும் தீவாக இருந்தால் மட்டுமே வடிகட்டிக்கு வேலை. அங்கும் நம்பகமான வழி கொதிக்க வைப்பதுதான். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு எளிதில் மசிவதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் எரிபொருள் வேண்டும் என்பதை இங்கேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பலர் சமையலுக்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள். ஒரே பெரிய கேனில் எல்லாத் தண்ணீரையும் நிரப்புவதும் வேண்டாம். அது ஒழுகினால் பயணமே முடிந்தது.

விமானத்தில் போய்ப் பிறகு படகு ஏறுகிறவர்கள் கேஸ் குப்பியை ஊரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. கைப்பையிலும் சரி, சரக்குப் பையிலும் சரி, அதற்கு அனுமதி இல்லை. துறைமுக ஊரில் வாங்குங்கள். அங்கே விற்கும் குப்பி உங்கள் அடுப்பில் பொருந்துமா என்பதை முன்னதாக விசாரித்துவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். அதன் மின்கொள்ளளவு 100 வாட்-மணிக்கு (Wh) மேல் 160 வரை இருந்தால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை.

"மீன் பிடித்துச் சமாளித்துக்கொள்ளலாம்" என்று உணவைக் குறைத்து வாங்குவதை நான் வீரம் என்று சொல்லமாட்டேன். வெப்பமண்டலப் பவளப்பாறைப் பகுதிகளில் பெரிய களவா, சீலா போன்ற மீன்களில் சிகுவாடெரா நஞ்சு சேர்ந்திருக்கலாம். சுவையிலோ மணத்திலோ அது தெரியாது. சமைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது. மருத்துவமனை இல்லாத இடத்தில் இந்தச் சோதனை தேவையில்லை. மருத்துவமனை இல்லை என்பதாலேயே வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை இரட்டிப்பாகவும், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைக் கணிசமாகவும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டிகளை அப்படியே தூக்கிப்போவது சிறிய விஷயமாகத் தோன்றும். ஈரத்தில் அவை ஊறிப் பிய்ந்துவிடும், மடிப்புகளில் கரப்பான் முட்டைகள் ஒளிந்திருக்கும். நீண்ட தூரம் போகும் பாய்மரப் படகுக்காரர்கள் அட்டையைப் படகில் ஏற்றாமல் கரையிலேயே களைந்துவிடுவது இதனால்தான். நமக்கு அது வெறும் பூச்சித் தொல்லை. தீவுக்கோ, இப்படிச் சாமானோடு வந்து இறங்கும் வெளி உயிரினம் பேரழிவாக முடியலாம். 1918இல் ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் தரைதட்டிய மகாம்போ கப்பலிலிருந்து எலிகள் கரையேறின. உலகில் வேறெங்கும் இல்லாத பறவையினங்கள் சில அதன்பின் அடியோடு அழிந்தன. எலிகளை ஒழிக்க 2019இல் தீவு முழுவதும் நஞ்சு வைக்க வேண்டியிருந்தது. ஈக்வடாரின் கலாபகஸ் போன்ற தீவுகளில் பைகளைச் சோதித்துத் தடைசெய்யப்பட்ட பழங்களையும் விதைகளையும் பறிமுதல் செய்வதற்குப் பின்னால் இந்த அச்சம்தான் இருக்கிறது. பழமும் காய்கறியும் வாங்கும் முன் அந்தத் தீவின் விதியைப் பாருங்கள். சன்ஸ்கிரீனுக்கும் அப்படியே, பவளங்களுக்குக் கேடு செய்யும் வகைகளைப் பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதல் தடைசெய்திருக்கிறது.

முட்டை வாங்கினால் குளிர்பெட்டியில் வைக்காதது, கழுவாதது என்று கேட்டு வாங்குங்கள். ஒருமுறை குளிரூட்டியது வெளியே தாங்காது.

மக்கள் வாழும் தீவில் சிறு கடை ஒன்று இருக்கலாம். அதை நம்பிப் பட்டியலைக் குறைப்பது ஒரு தவறு. போனதும் அங்கிருப்பதை அள்ளிக்கொள்வது அதைவிட மோசம், ஏனென்றால் படகு தாமதமானால் அந்த ஊர்க் குடும்பங்கள் அந்தச் சரக்கை வைத்துத்தான் நாளைக் கடத்த வேண்டும்.

கடைசியாக, மூட்டை கட்டும் விதம். படகுத்துறையே இல்லாத கரைகளில் முழங்கால் நீரில் இறங்கித்தான் சாமான் சுமக்க வேண்டும். சக்கரப் பெட்டி அங்கே உதவாது. ஓர் ஆள் தனியாகத் தூக்கக்கூடிய எடையில், நீர்புகாத பைகளாகப் பிரித்துக் கட்டுங்கள். தீப்பெட்டியும் மருந்தும் ஒரே பையில் அடைந்துகிடக்காமல் இரண்டிரண்டு பைகளில் இருக்கட்டும். காலி டின்களையும் பிளாஸ்டிக்கையும் திரும்பக் கொண்டுவர, கிழியாத சாக்குகள் சிலவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.