ஒரு டிவி நிலையத்தின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி

கனடாவில் விக்டோரியாவில் வேலை பார்க்கும் என் பேத்தி போனில் சொன்னாள்: "ஆயா, நாங்க இங்க பாக்குற நியூஸ் சேனல், அதுல வேலை செய்றவங்களுக்கே சொந்தமாம்." எனக்கு நம்ப முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் டிவியைக் கண்டதே 1976இல்தான். அதுவும் அரசு ஒளிபரப்பு, ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும் மட்டும். கூலிக்கு இருப்பவர்கள் நிலையத்தையே வாங்கினார்களா? தேடினேன், உண்மைதான். தேடிய வழியைச் சொல்கிறேன்.

திரையில் தெரியும் பெயரைப் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள். என் கொள்ளுத்தாத்தாவை நேட்டால் கப்பல் பதிவேட்டில் தேடியபோது பட்ட பாடு இது. அவர் பெயரைத் தாளுக்குத் தாள் வேறு வேறாக எழுதி வைத்திருந்தார்கள். கூலி ஒப்பந்தத்தில் போட்ட கிர்மிட் எண் ஒன்றுதான் மாறாமல் இருந்தது, அதைப் பிடித்துத்தான் ஊர் வரை போனேன். டிவி நிலையத்துக்கு அந்த எண் மாதிரி இருப்பது அழைப்பு எழுத்துகள், அதாவது உரிமத்தில் இருக்கும் அடையாள எழுத்துகள். பேத்தி பார்க்கும் நிலையத்துக்கு சி-எச்-இ-கே. சேர்த்து "செக்" என்கிறார்கள். 2001இல் திரையில் "சிஎச்" என்று பெயர் மாறியது, 2007இல் "இ!" ஆனது. உரிமத்தில் மட்டும் அதே நான்கு எழுத்துகள். கனடாவில் எழுத்துகள் சி-பி என்று தொடங்கினால், பெரும்பாலும் அது அரசு ஒளிபரப்புக் கழகமான சிபிசியின் சொந்த நிலையம்.

எழுத்துகள் கிடைத்ததும் சிஆர்டிசி என்னும் கனடா ஒளிபரப்பு ஆணையத்தின் தீர்ப்புகளைத் தேடுங்கள். ஒரு நிலையம் கை மாற வேண்டுமானால் இந்த ஆணையம் ஒப்ப வேண்டும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தாள் இருக்கும். ஆனால் ஆணையம் பிறந்ததே 1968இல். அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்கு வேறொரு வாரியம் இருந்தது. 1958க்கு முன்னால் தனியார் நிலையங்களைக் கண்காணித்ததும் சிபிசிதான். செக் நிலையம் 1956 டிசம்பர் 1 அன்று தொடங்கியது, அதன் பிறப்பை சிஆர்டிசியில் தேடினால் கிடைக்காது. விக்டோரியாவில் வானொலி நடத்திய டேவிட் ஆம்ஸ்ட்ராங் தொடங்கிய நிலையம் அது. வான்கூவர்க்காரர்கள் கைக்குப் போய், 2000இல் கேன்வெஸ்ட் என்ற பெருங்குழுமத்திடம் வந்து சேர்ந்தது.

உரிமம் ஒரு கம்பெனி பெயரில் இருக்கும். அந்தக் கம்பெனி இன்னொன்றின் பையில் இருக்கும். ஆணையம் வெளியிடும் உரிமை வரைபடங்களில் பெட்டி பெட்டியாகக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அதில் மொத்தப் பங்கைப் பார்த்து ஏமாறாமல் வாக்குரிமைப் பங்கைப் பாருங்கள். பணம் போட்டவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர் என்பது அங்கேதான் தெரியும்.

விலையை நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். 2009 ஜூலையில், செக் நிலையத்தை மூடப்போவதாக கேன்வெஸ்ட் அறிவித்தது. ஊழியர்கள் கையிலிருந்ததைப் போட்டு, உள்ளூர் முதலீட்டாளர்களையும் சேர்த்துக்கொண்டு, செப்டம்பரில் அதை வாங்கினார்கள். விலை 2 டாலர்! அதே ஆண்டு கேன்வெஸ்டின் ஹாமில்டன் நிலையமும் மொன்ட்ரியல் நிலையமும் சேர்ந்து 12 டாலருக்குப் போயின. இதைச் சும்மா கிடைத்ததாக எண்ண வேண்டாம். சம்பளம், வாடகை, நட்டம் எல்லாம் வாங்குபவர் தலையில்தான் வந்து விழும். எங்கள் தெருவில் கடனோடு கடையை எடுத்து நடத்துபவருக்கு இது புரியும். எனவே விலைக்குப் பக்கத்திலேயே யார் எந்தப் பொறுப்பை ஏற்றார் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

நிலையம் மூடியதைச் சொல்லும் கடைசித் தாளையும் விடாதீர்கள். மனிடோபாவின் பிராண்டன் நகரத்து சி-கே-எக்ஸ் நிலையத்தை 1 டாலருக்கு வாங்க ஒருவர் முன்வந்தும் பேரம் முறிந்தது. 2009 அக்டோபர் 2 அன்று ஒளிபரப்பு நின்றது. 1955இல் தொடங்கிய நிலையம். அதைப் படித்த அன்று இரவு பேத்தியைக் கூப்பிட்டு, "உங்க நியூஸ் இன்னைக்கு வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.