பிரிண்டர் வாங்கும் முன் ஹெட் எந்த வகைன்னு கேளுங்க
திருப்பூரில் டி-சர்ட்டுக்கு சப்ளிமேஷன் பிரிண்ட் (தாளில் அடித்த படத்தைச் சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றுவது) போடலாம் என்று இன்க்ஜெட் தேடுகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், வேகத்தைக் கேட்கிறார்கள், மையைத் துளியாகத் துப்பும் பாகமான ஹெட் எந்த வகை என்று மட்டும் கேட்பதில்லைங்க. ஹெச்பி, கேனான் வீட்டு மாடல்களில் பெரும்பாலும் இருப்பது தெர்மல் ஹெட்: துளைக்குப் பின்னால் இருக்கும் குட்டி ஹீட்டர் சட்டென்று சூடாகி, மையில் குமிழி கிளம்பி, அது ஒரு துளியை வெளியே தள்ளும். சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக மை ஊசியில் பட்டு மை பீய்ச்சியதைப் பார்த்துத்தான் கேனான்காரர்களுக்கு 1977இல் இந்த யோசனையே வந்ததாம்! எப்சன், பிரதரில் பீசோ. மின்சாரம் கொடுத்தால் வளையும் படிகம் மையை அழுத்தித் துப்பும், சூடு வேண்டியதில்லை. சப்ளிமேஷன் சாயம் சூட்டில் ஆவியாகிற சரக்கு, அதனால் அதற்கு பீசோதான் சரி.

ஆனால் பீசோ ஹெட் பிரிண்டரிலேயே நிலையாக இருப்பது, அடைத்துக்கொண்டால் செலவு கையைக் கடிக்கும். தெர்மலில் பல மாடல்களில் கார்ட்ரிட்ஜ் மாற்றினாலே ஹெட்டும் புதுசு. சித்திரை வெயிலில் மை சீக்கிரம் காயும், வாரம் ஒரு கலர் பக்கமாவது அடித்துவிடுங்க. அப்புறம், நாசில் செக்கில் (ஹெட் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அச்சு) கோடு விட்டால் மட்டும் கிளீனிங் போடுங்க, சும்மா சும்மா ஓட்டினால் காசு கொடுத்து வாங்கிய மை, கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் பேடுக்குத்தான் போகும்.