கதவுக் குமிழில் ஒரு டில்லர் பின்

போன ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் ஃபாக்ஸ்டன் கால்வாய் மதகுகளுக்குக் கீழே படகைக் கட்டிக்கொண்டிருந்தேன். கூரை மேலிருந்து இழுத்த நடுக்கயிறு, படகைத் திருப்பும் கைப்பிடியான டில்லர் மேல் பின்னாகச் செருகியிருந்த பித்தளை வாத்தின் இறக்கையில் மாட்டியது. தண்ணீரில் ‘ப்ளக்’. அவ்வளவுதான். கயிற்றில் காந்தத்தைக் கட்டி அரை மணி நேரம் துழாவினேன். இரண்டு பீர் மூடியும் ஒரு சைக்கிள் செயினும் வந்தன. பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்று கரையில் நின்ற பெரியவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நாரோபோட் என்கிற ஒடுங்கிய நீளப் படகின் சுக்கானில் இருந்து, அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்த ஓர் இரும்புத் தண்டு மேலே வரும். அதன் முனையில் செருகுகிற குழாய்தான் டில்லர். இரண்டையும் சேர்த்து மேலிருந்து குத்தி நிறுத்துவது டில்லர் பின். படகைக் கட்டியதும் பின்னை உருவி, டில்லரைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். வெறும் போல்ட் ஒன்றைப் போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் அந்த இடத்தில் வெறும் போல்ட் வைத்திருப்பவர்கள் குறைவு. ஓக் மரக் கொட்டை, காளான், ஆந்தை, மீன்கொத்தி என்று படகுக்கு ஒன்று நிற்கும். சிலர் கடையில் வாங்காமல், வீட்டு நினைவாக வைத்திருந்த பொருளையே பின்னாக்கிவிடுகிறார்கள்.

எனக்கும் ஒன்று இருந்தது. லெஸ்டரில் நாங்கள் முதலில் குடியிருந்த வாடகை வீட்டு வாசல் கதவின் நடுவில் ஒரு பித்தளைக் குமிழ். என் மகள் நடை பழகும்போது அதைப் பிடித்துத்தான் தொங்குவாள். பிளாஸ்டிக் கதவு போட்டபோது பழைய கதவு குப்பைக்குப் போனது, குமிழை நான் கழற்றிக்கொண்டேன். தொலைந்த வாத்துக்குப் பதிலாக அதைத்தான் பின்னாக்கினேன். செய்யும் முறை இதோ.

முதலில், குமிழ் அசல் பித்தளைதானா என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். அதை விட்டுவிடுங்கள். கதவைத் திறக்கத் திருகுகிற குமிழும் வேண்டாம், அதில் ஏற்கெனவே சதுரத் துளை இருக்கும், மரை போட இடம் இருக்காது. கதவின் நடுவில் அசையாமல் நிற்கிற குமிழ்தான் நல்லது.

அடுத்தது அளவு. இங்கேதான் எனக்கு ஒரு சனிக்கிழமை வீணானது. டில்லர் துளைக்குள் டிரில் பிட்களின் காம்பை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். 7.5 மி.மீ. போனது, 8 போகவில்லை. பெயின்ட் அடைத்திருக்கிறது என்று நினைத்து, 8 மி.மீ. பித்தளை ராடு வாங்கி, சுத்தியலால் தட்டி, அது பாதியில் சிக்கி, அதை வெளியே எடுக்க இன்னொரு மணி நேரம். பழைய படகு ஐயா, அங்குலத்தில் துளை போட்டிருக்கிறார்கள்! 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. அந்த 0.06தான் வில்லன். உங்கள் துளை 3/8 அங்குலமாக இருந்தால் அது 9.5 மி.மீ., அதில் 10 மி.மீ. சுத்தமாகப் போகாது. தயவுசெய்து அளக்காமல் ராடு வாங்காதீர்கள்.

என் துளைக்குத் தீர்வு ஓர் எம்8 ஸ்டெயின்லெஸ் போல்ட், 100 மி.மீ. நீளம், ஒரு பகுதி மட்டும் மரை போட்டது. பெயருக்குத்தான் 8 மி.மீ., மரை இல்லாத பகுதி வழக்கமாக ஓர் இழை குறைவாகவே இருக்கும். முழுக்க மரை உள்ளதை வாங்கினால் அது துளையை அரம் மாதிரி ராவிவிடும். இந்த போல்ட்டில் முனைப்பக்கம் 22 மி.மீ. மட்டும் மரை, மீதி வழுவழுப்பு. தலையை அறுத்து எறிந்துவிட்டு, மரைப்பக்கம் குமிழுக்குள், வழுவழுப்பான பக்கம் டில்லருக்குள். சிக்கினால் டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு உப்புத்தாள் பிடியுங்கள், இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். அறுத்த முனையைக் கொஞ்சம் கூராக்கினால் இருட்டிலும் துளையைத் தேடிப் போய் உட்காரும்.

இப்போது குமிழில் துளை. எம்8 மரைக்கு 6.8 மி.மீ. பிட். பின்பக்கம் முன்பே இருந்த சின்னத் துளையைப் பெரிதாக்கினால் போதும் என்று அலட்சியமாக டிரில்லை வைத்தேன். வெடுக்கென்று பித்தளை பிட்டை உள்ளே இழுத்து, டிரில் என் மணிக்கட்டை முறுக்கிவிட்டது. பித்தளையின் குணம் அது, இருக்கிற துளையைப் பெரிதாக்கும்போது இன்னும் மோசம். பிட்டின் இரண்டு வெட்டு விளிம்புகளையும் சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்து, கூர்மையை மட்டமாக்குங்கள். பிறகு அது கடிக்காது, சுரண்டும். எண்ணெய் தேவையில்லை. குமிழை வைஸில் (இறுக்குப்பிடியில்) பழைய பெல்ட் தோல் சுற்றிப் பிடிக்கவும். கையில் பிடித்துத் துளை போடவே வேண்டாம். 25 மி.மீ. ஆழத்துக்குப் பிட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபக்கம் பொத்துக்கொண்டு வந்தால் நினைவுப்பொருள் போச்சு.

மரை போடும்போது அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. மரை வெட்டும் ‘டேப்’ கருவியை மலிவான செட்டாக வாங்கி உள்ளே முறித்துக்கொள்ளாதீர்கள், எம்8 ஒன்று மட்டும் நல்லதாக வாங்கினால் போதும். கடைசியில், மரை தளராமல் பிடிக்கிற நீல நிற லாக்டைட் 243 பசை ஒரு சொட்டு. அரால்டைட் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குப் படகு மாறினால் குமிழைக் கழற்ற வேண்டுமே.

பிற்சேர்க்கை: டில்லர் பின் வெறும் அலங்காரம்தானே, அது இல்லாமல் ஓட்டலாமா என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். ரிவர்ஸில் போகும்போது தண்ணீர் சுக்கானைத் திருப்பி அடிக்கும். அப்போது டில்லர் குழாய் கையோடு கழன்று வந்தால், நீங்களும் அதோடு தண்ணீருக்குள்தான்.

இன்னொரு பிற்சேர்க்கை: குமிழ் காணாமல் போகாமலிருக்க அதில் ஒரு கயிறு கட்டச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். நீளமான கயிறு ஸ்வெட்டர் கையில் மாட்டியதாக இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு சாண் போதும். நடுக்கயிறு மாட்டாமலிருக்க, இறக்கை, கொம்பு, நீட்டிய மூக்கு எதுவும் இல்லாத உருண்டை வடிவமே நல்லது. வாத்து பாடம்.

மழையில் குமிழ் கறுத்துவிடும். பிராஸோ என்கிற பித்தளை பாலிஷ் இங்கே பலர் படகிலும் இருக்கிறது. என் மனைவி ஊறவைத்த புளிச்சக்கையைத் தேய்த்துக் கழுவுகிறாள், அதுவே பளிச்சென்று வருகிறது. வாசனைக்குப் பக்கத்துப் படகு நாய்தான் ஓடி வருகிறது.